கிற்றார் வாசிக்கும் கை: பட்டியா, ஊசியா, ஒப்பரேசனா?

கை விறைக்கிறது, விரல் பூட்டிக்கொள்கிறது, பெருவிரல் அடியில் குத்துகிறது என்று வருகிற கிற்றார்காரர்கள் கடைசியில் கேட்பது ஒரே கேள்விதான்: "வெட்டினால் திரும்ப வாசிக்கலாமா?" மட்டக்களப்பில் கிற்றார் சொல்லிக் கொடுக்கிறவன் என்பதால் என்னிடமும் இது வருகிறது. நான் டொக்டர் இல்லை. வருத்தத்தைக் கண்டுபிடிப்பதும் மருந்து தருவதும் அவர்கள் வேலை. ஆனால் அவர்கள் முன்னால் போய் உட்காரும்போது என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது கிற்றார் பிடிக்கிற கைக்கு எப்படிப் பொருந்தும் என்று தெரிந்துகொண்டு போனால் பேச்சு சரியான இடத்தில் தொடங்கும்.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் இருக்கிறவர்களுக்குக் கைப்பட்டியும் கிற்றாரில் சில மாற்றங்களும் பெரும்பாலும் போதும், மிஞ்சினால் ஒரு ஊசி. பெருவிரல் மேட்டில் தசை வற்றத் தொடங்கியவர்களுக்கு ஒப்பரேசன்தான். கலியாணச் சீசன் முடியட்டும், நத்தார் முடியட்டும் என்று அதைத் தள்ளிப்போடக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர்களுக்குத்தான் யோசிக்க நிறைய இருக்கிறது.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் கிற்றாரை மட்டும் நம்பி வாழ்கிறவர்கள் குறைவு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடகர் குழுவுக்கு வாசிக்கிறவர் திங்கட்கிழமை பட்டறையில் சீவுளி தள்ளுகிறார். பறங்கியர் குடும்பங்களில் பைலா, கபிரிஞ்ஞா என்கிற ஆட்டப் பாட்டுகளுக்குக் கிற்றார் தட்டுகிறவர்களில் பலர் பரம்பரையாகத் தச்சு வேலை, கொல்லு வேலை, மெக்கானிக் வேலை செய்கிறவர்கள். மருதமுனையில் தறியில் இருக்கிறவர், கந்தோரில் நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறவர், கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் தினமும் மோட்டார்சைக்கிள் ஓடுகிறவர் எல்லோருக்கும் இருப்பது ஒரே சோடிக் கைதான். "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வாசிக்கிறீர்கள்?" என்று டொக்டர் கேட்டால் கிற்றார் நேரத்தை மட்டும் சொல்லாதீர்கள். கை செய்கிற மொத்த வேலையையும் சொல்லுங்கள்.

எந்த விரல் என்று முதலில் பாருங்கள்

எல்லாக் கை வருத்தமும் ஒன்றில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரிவந்த வழி உங்களுக்குச் சரிவராமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மணிக்கட்டின் உள்பக்கத்தில் எலும்புகளும் ஒரு தடித்த நாரும் சேர்ந்து ஒரு ஒடுங்கிய வழியை உண்டாக்குகின்றன. விரல்களை மடக்குகிற 9 தசைநாண்களும், நடு நரம்பு என்கிற ஒரு நரம்பும் அதற்குள்ளால்தான் போக வேண்டும். தசைநாண்களைச் சுற்றி வீங்கினால் முதலில் நசிவது நரம்பு. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி விறைக்கும். சின்ன விரல் விறைக்காது. இரவில்தான் கூட. நித்திரையில் கை விறைத்து எழும்பி, உதறிவிட்டு மறுபடி படுக்கிறவர்களுக்கு அநேகமாக இதுவாக இருக்கும். மணிக்கட்டை மடக்கினால் உள்ளே அழுத்தம் கூடும். எஃப் கோட் (விரல்களால் எல்லாக் கம்பிகளையும் ஒன்றாக அமத்துகிற ஒரு பிடி) பிடிக்கும்போது உங்கள் மணிக்கட்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று ஒருக்கால் பாருங்கள்.

சின்ன விரலும் அதை ஒட்டிய மோதிரவிரல் பாதியும் விறைத்தால் பெரும்பாலும் இடம் முழங்கை. கோட் பிடிக்கிற கை நெடுநேரம் மடிந்திருக்கிறது, மற்றக் கை கிற்றாரின் விளிம்பில் அழுந்திக் கிடக்கிறது. இதற்கு மணிக்கட்டில் பட்டி கட்டிப் பயனில்லை. இரவில் முழங்கையைச் சுற்றித் துவாய் ஒன்றைத் தளர்வாகக் கட்டி மடியாமல் வைத்தால் பலருக்குக் குறைகிறது.

விரல் மடங்கிய இடத்தில் பூட்டிக்கொண்டு, நிமிர்த்தும்போது "டக்" என்று திறந்தால் அது தசைநாண் ஓடுகிற வளையத்தின் இறுக்கம். காலையில் கூடுதலாக இருக்கும். பெருவிரலின் அடியில், மணிக்கட்டின் பக்கவாட்டில் நோ என்றால், குறிப்பாகப் பெருவிரலை உள்ளே மடித்து மணிக்கட்டைச் சின்ன விரல் பக்கம் சாய்க்கும்போது சுள்ளென்று இழுத்தால், அது பெருவிரலைத் தூக்குகிற தசைநாண்களின் உறை வீக்கம். கிற்றாரின் கழுத்துக்குப் பின்னால் பெருவிரலை நசித்துக்கொண்டு, ஒரு விரலைக் குறுக்கே போட்டுக் கம்பிகளை அமத்துகிற பார் கோட் பிடிக்கிறவர்களிடமும், கைக்குழந்தையைத் தூக்குகிற தாய்மாரிடமும் இதைக் காணலாம்.

நோவே இல்லாமல், வாசிக்கும்போது மட்டும் ஒரு விரல் சொல்வழி கேளாமல் சுருண்டு போகிற வருத்தமும் உண்டு. இது கையில் இருக்கிற கோளாறு இல்லை, மூளை அந்த அசைவை நடத்துகிற விதத்தில் வருகிற கோளாறு. அமெரிக்கப் பியானோக் கலைஞர் லியோன் ஃபிளைஷருக்கு 1960களில் வலது கையில் இப்படி வந்தது. 1981இல் மணிக்கட்டு நரம்புக்கு ஒப்பரேசன் செய்தும் விரல்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 1990களில் தசையைத் தளர்த்துகிற பொட்டொக்ஸ் ஊசி தொடங்கிய பிறகுதான் அவர் இரண்டு கையாலும் தொடர்ந்து மேடையில் வாசிக்கத் தொடங்கினார். விரல் சுருண்டாலும் விறைப்போ நோவோ இல்லாதவர்கள் கத்திக்கு முன்னால் நரம்பியல் டொக்டரைப் பார்க்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

தசை வற்றுகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். யன்னல் பக்கம் இருந்து, வெளிச்சம் ஒரு பக்கத்தால் விழும்படி இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரியுங்கள். பெருவிரலின் அடியில் இருக்கிற சதை மேடு இரண்டு கையிலும் ஒரே மாதிரி உருண்டிருக்க வேண்டும். ஒன்று தட்டையாகி, எலும்பின் ஓரம் வரம்பு மாதிரித் தெரிந்தால் கவனம். பிறகு உள்ளங்கையை மேலே பார்க்க வைத்துப் பெருவிரலை முகட்டை நோக்கி நேராக உயர்த்தி, மற்றக் கை விரலால் கீழே அமத்திப் பாருங்கள். எதிர்த்து நிற்கிறதா, உடனே விழுகிறதா? பிக் (கம்பியைத் தட்டுகிற சின்னத் தகடு) அடிக்கடி நழுவுவது, சட்டைப் பொத்தான் போட மினக்கெடுவது, மேசையில் கிடக்கிற சில்லறையைப் பொறுக்க முடியாமல் போவது எல்லாம் இதோடு சேர்ந்து வரும். இப்படி இருந்தால் கீழே வருகிற பட்டி, கம்பி, கேப்போ (கம்பிகளைக் குறுக்கே அமத்துகிற கவ்வி) விசயங்களில் நாட்களைக் கடத்தாமல் நேரே கிளினிக்குக்குப் போங்கள்.

சலரோகம், தைரொயிட் குறைபாடு, மூட்டுவாதம், கர்ப்பம் ஆகியவை மணிக்கட்டு நரம்பு நசிவதோடு சேர்ந்து வரக்கூடியவை. சீனியும் தைரொயிட்டும் பார்க்காமல் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில் பலனில்லை. கர்ப்பிணிகளுக்கு வருகிற விறைப்பு பிள்ளை பிறந்த பிறகு பெரும்பாலும் இறங்கிவிடும். அவர்கள் பட்டியோடு பொறுத்திருக்கலாம்.

பட்டி

இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கிற பட்டிதான் எல்லாவற்றிலும் மலிவானது, தீங்கும் குறைவு. ஆறு வாரமாவது விடாமல் கட்ட வேண்டும். இரண்டு இரவு கட்டிவிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்று எறிகிறவர்கள்தான் அதிகம்.

பார்மசியில் வாங்குகிற பட்டிகள் பலவற்றில் உள்ளே இருக்கிற தகடு மணிக்கட்டைப் பின்பக்கமாக வளைத்து வைக்கும். நரம்புக்கு வேண்டியது நேரான நிலை. தகட்டை உருவி, மேசையில் வைத்து அமத்தி நேராக்கி, திரும்பச் செருகினால் சரி. விரல்கள் முழுதாக மடங்க வேண்டும், பட்டி இறுக்கமாக இருக்கக் கூடாது. அதைக் கட்டிக்கொண்டு கிற்றார் வாசிக்கக் கூடாது. மணிக்கட்டு அசையாத கையால் கோட் பிடிக்கப் போனால் அந்தப் பாரமெல்லாம் முழங்கைக்கும் தோளுக்கும் ஏறும்.

வாசிப்பை முற்றாக நிறுத்தச் சொல்கிறவர்களோடு நான் முழுதாக உடன்படுவதில்லை. நோ கடுமையாக இருக்கிற நாட்களில் நிறுத்தத்தான் வேண்டும். மற்ற நாட்களில் பத்துப் பதினைந்து நிமிடம் வாசித்து, கையைத் தொங்கவிட்டு ஆறவிட்டு, மறுபடி வாசிப்பது பலருக்குத் தாங்குகிறது. விறைப்போ நோவோ தொடங்கிய நிமிடத்தில் கிற்றாரை வைத்துவிட வேண்டும். "இந்தப் பாட்டை முடிச்சிட்டு வைக்கிறன் சேர்" என்று பெடியன்மார் சொல்வார்கள். அந்தப் பாட்டில்தான் வினை இருக்கிறது.

கிற்றாரை மாற்றுவது

கிளினிக்கில் யாரும் சொல்லித் தராத வழி இது. எனக்கு அதிகம் தெரிந்ததும் இதுதான்.

வாவியும் கடலும் சூழ்ந்த ஊரில் காற்றில் எப்போதும் ஈரம். மாரியில் இன்னும் கூட. ஈரம் குடித்த கிற்றாரின் முன்பலகை உப்பும், கம்பிகள் பிரெற்களிலிருந்து (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) உயரும். ஒரு வருடத்துக்கு முன் சுகமாகப் பிடித்த கோட் இப்போது கையை உளைய வைத்தால் முதலில் கம்பியின் உயரத்தை அளக்க வேண்டும். மூன்றாம் பிரெற்றில் கம்பியை அமத்திக்கொண்டு முதலாம் பிரெற்றுக்கு மேலே பாருங்கள். அங்கே ஒரு கடதாசி போகிற அளவுக்கு இடைவெளி இருந்தால் போதும். அதைவிட நன்றாக உயர்ந்து நின்றால் கிற்றாரின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்குகிற எலும்புத் துண்டில் கம்பி இருக்கிற பள்ளங்கள் ஆழம் காணாது. எஃப் கோட் கல் மாதிரி இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். தெரிந்த ஒருவர் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தீட்டினால் அரை நாள் வேலை.

அடுத்தது கம்பியின் தடிப்பு. 12இல் தொடங்குகிற கம்பித் தொகுதியைக் கழற்றிவிட்டு 10இல் தொடங்குவதைப் போட்டால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். நைலோன் கம்பிக் கிற்றாரில் மொத்த இழுவை உருக்குக் கம்பியில் இருப்பதன் பாதியளவுதான். ஆனால் அதன் கழுத்து அகலம், சின்னக் கைக்காரருக்கு விரல் எட்டுகிற தூரம் கூடும். உருக்குக் கம்பிக் கிற்றாரில் நைலோன் போடுவதோ, நைலோன் கிற்றாரில் உருக்கு போடுவதோ கூடாது. இரண்டாவதைச் செய்தால் முன்பலகையில் கம்பிகளைக் கட்டுகிற பாலமே பிய்ந்து வரும்.

காசு செலவில்லாத ஒரு வழி, என் மாணவர்களுக்கு எப்போதும் முதலில் சொல்வது: எல்லாக் கம்பியையும் ஒரு முழுச் சுருதி கீழே இறக்கி, இரண்டாம் பிரெற்றில் கேப்போவைப் பூட்டுங்கள். சுருதி பழையபடியே இருக்கும், பாடகர் குழுவுக்கு ஒன்றும் மாறாது. ஆனால் கம்பியின் இழுவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். வழக்கமான நீளமுள்ள கிற்றாரில் முதலாம் பிரெற்றின் அகலம் 36 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூட. கேப்போவுக்கு அடுத்த பிரெற்றில் அது 32 மில்லிமீற்றர் அளவுக்கு வந்துவிடுகிறது. விரல்கள் நெருங்குகின்றன, தலைப்பக்கப் பள்ளம் ஆழமில்லாத குறையும் தீர்ந்துபோகிறது.

கழுத்தை உயர்த்திப் பிடித்தால் மணிக்கட்டு நேராகும். இருந்து வாசிக்கிறவர்கள் இடது காலுக்கு ஒரு சின்ன மணை வைக்கலாம். நின்று வாசிக்கிறவர்கள் தோள்பட்டியைச் சுருக்க வேண்டும். மேடையில் கிற்றார் முழங்காலுக்குக் கிட்டத் தொங்கினால் பார்க்க அழகு என்று நினைக்கிற பெடியன்களோடு இந்த விசயத்தில் நான் தொடர்ந்து மல்லுக்கட்டுகிறேன்.

ஜாஸ் கிற்றார்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட் 1928இல் தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகு, மிச்ச இரண்டு விரல்களால் தனிவாசிப்பு முழுவதையும் திரும்பக் கட்டியெழுப்பினார். இங்கிலாந்தில் ரொக் கிற்றார்காரர் ரோனி அயோமி 17 வயதில் தகரத் தொழிற்சாலை இயந்திரத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். பிளாஸ்ரிக் போத்தலை உருக்கித் தானே விரல் தொப்பி செய்து, மெல்லிய கம்பி போட்டு, பிறகு சுருதியையும் இறக்கி வாசித்தார். கைக்கு ஏற்றபடி கிற்றாரை மாற்றினால் தரம் குறைந்துவிடும் என்று கூச்சப்படுகிறவர்களுக்கு இவர்களைத்தான் காட்டுவேன்.

ஊசி

ஸ்ரெரொயிட் ஊசியைப் பற்றி இங்கே இரண்டு விதமான பேச்சு. ஒரு பக்கம் "ஒரு ஊசியோடு சுகம்", மறுபக்கம் "எலும்பு உருகிப்போகும்". இரண்டும் சரியில்லை.

மணிக்கட்டு நரம்பு லேசாக நசிந்திருக்கும்போது, முதல் ஆறு வாரத்தில் ஊசி பட்டியைவிட நன்றாக வேலை செய்யும். ஆறு மாதம் போன பிறகு பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. ஒரு வருடத்துக்குள் பலருக்குத் திரும்ப வந்துவிடும். ஆகவே இரவு நித்திரை போய்விட்டது, அடுத்த மாதம் திருவிழா இருக்கிறது என்ற நிலைக்கு ஊசி நல்ல வழி. தசை வற்றியவருக்கு அது நோவை மட்டும் மூடிவிட்டு நரம்பைத் தேய விடும்.

பூட்டிக்கொள்ளும் விரலுக்கும் பெருவிரல் தசைநாண் உறை வீக்கத்துக்கும் கதை வேறு. இவற்றில் ஊசியாலேயே நிரந்தரமாகச் சுகம் வருகிறவர்கள் பாதிக்கு மேல். நானாக இருந்தால் இந்த இரண்டுக்கும் கத்திக்கு முன்னால் ஒரு ஊசி போட்டுப் பார்ப்பேன். சலரோகம் இருப்பவர்களுக்குப் பலன் குறைவு. ஊசி போட்ட சில நாட்களுக்குச் சீனியும் ஏறும், அந்த நாட்களில் அளந்து பார்க்க வேண்டும்.

எங்கள் நிறத்துக்காரர்கள் கேட்டுவைக்க வேண்டிய ஒன்று: தோலுக்குக் கிட்டப் போடுகிற ஊசி, முக்கியமாகப் பெருவிரல் அடியில் போடுவது, அந்த இடத்தின் நிறத்தை வெளிறச் செய்யலாம். மாதக்கணக்கில் இருக்கும், பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும். ஆபத்தில்லை, ஆனால் தெரியாமல் இருந்தால் பயந்துபோவீர்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி போடுவது தசைநாணைப் பலவீனமாக்கும். இரண்டு ஊசிக்கும் அடங்கவில்லையென்றால் அடுத்த வழியைப் பேசத் தொடங்க வேண்டும்.

எண்ணெய் போட்டு உருவுகிற பரியாரியிடம் போகலாமா என்றும் கேட்பார்கள். முழங்கை, முன்கைத் தசை உளைவுக்கு மெதுவாகத் தடவுவது சுகம் தரும், நான் தடுக்க மாட்டேன். ஆனால் பூட்டுகிற விரலின் முடிச்சை அமத்தி உருட்டுவதும், விறைக்கிற மணிக்கட்டைச் சொடுக்கெடுப்பதும், மருந்துப் பத்துப் போட்டு இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். நசிந்த நரம்பை இன்னும் நசிப்பதுதான் நடக்கும்.

ஒப்பரேசன்: எங்கே, எப்படி

மணிக்கட்டு நரம்புக்குச் செய்கிற ஒப்பரேசன் சின்னது. இடத்தை மட்டும் விறைக்க வைத்து, அந்தத் தடித்த நாரை அறுத்து நரம்புக்கு இடம் கொடுக்கிறார்கள். அநேகமாக அன்றைக்கே வீடு. இரண்டு விதமாகச் செய்யலாம். உள்ளங்கையின் அடியில் இரண்டு முதல் நாலு சென்ரிமீற்றர் திறந்து செய்வது ஒன்று, மணிக்கட்டு மடிப்பில் சின்னத் துளையிட்டுக் கமராவால் பார்த்து அறுப்பது மற்றது. இரண்டிலும் அறுபடுவது ஒரே நார்.

துளைவழி செய்தால் வேலைக்குத் திரும்புவது ஒரு கிழமை அளவு முந்தலாம், ஆரம்ப நாட்களில் தழும்பு நோவும் குறைவு. அதே நேரம் நரம்பு தற்காலிகமாகச் சீண்டுப்படுகிற வாய்ப்பு அதில் கொஞ்சம் கூட. சில மாதங்கள் போன பிறகு இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்தால் பலத்திலோ விறைப்பிலோ சொல்லத்தக்க வித்தியாசம் இருக்காது. "கொழும்புக்குப் போய்த் துளைவழி செய்யட்டா, இங்கேயே திறந்து செய்யட்டா?" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் தெளிவு: இங்கேயே செய்யுங்கள்.

காரணம் ஒப்பரேசனுக்குப் பிறகு வருகிற வாரங்கள். காயம் பார்க்க, தையல் வெட்ட, பிசியோதெரபிக்கு என்று பலமுறை போக வேண்டும். உதயதேவி ரயிலிலோ இரவு பஸ்ஸிலோ ஒவ்வொரு முறையும் எட்டு ஒன்பது மணி நேரம் போவது என்றால் இரண்டாம் முறையோடு சாட்டுச் சொல்லத் தொடங்கிவிடுவோம். நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டிய கையால் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டி வரும். ஒரு கிழமை முந்துகிற லாபம் அந்தப் பயணத்திலேயே கரைந்துவிடும். கொழும்பில் தங்குவதற்கு உறவினர் வீடு இருக்கிறவர்களுக்கும், முன்பு ஒருதரம் வெட்டியும் சுகம் வராமல் மறுபடி வெட்ட வேண்டியவர்களுக்கும் இது பொருந்தாது. மறு ஒப்பரேசன் என்றால் கை அறுவையிலேயே ஊறியவரிடம் போவதுதான் நல்லது, தூரம் பார்க்கக் கூடாது.

மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை, கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, அம்பாறைப் பொது வைத்தியசாலை என்று அரச பக்கத்தில் கதவுகள் இருக்கின்றன, காசு கட்டத் தேவையில்லை. கிட்ட இருக்கிற ஓ.பி.டி.யில் (வெளிநோயாளர் பிரிவில்) காட்டி, எலும்பு முறிவுக் கிளினிக்குக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு போவது வழக்கமான பாதை. திகதிக்குக் காத்திருக்க வேண்டி வரலாம். பின்னேரத்தில் தனியார் இடத்தில் சனல் செய்தால் (காசு கட்டி டொக்டரைப் பார்க்கப் பதிந்தால்) பல நேரம் பார்க்கப்போவது பகலில் அரச ஆஸ்பத்திரியில் இருக்கிற அதே டொக்டரைத்தான். முதல் ஆலோசனைக்குச் சனல், ஒப்பரேசனுக்கு அரச ஆஸ்பத்திரி என்று கலந்து செய்கிறவர்கள் உண்டு, அதில் தவறில்லை.

போகும்போது போனில் ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்: நீங்கள் வாசிப்பதை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும். "டொக்டர், இந்தக் கையால்தான் கோட் பிடிக்கிறேன், இந்த விரல் இங்கே இவ்வளவு விரிய வேண்டும்" என்று காட்டினால் அவருக்கு உடனே விளங்கும். நரம்பு எவ்வளவு வேகமாகச் செய்தி கடத்துகிறது என்று பார்க்கிற சோதனை தேவையா என்றும் கேளுங்கள். விறைப்பு கழுத்திலிருந்து வருகிறதா, மணிக்கட்டிலிருந்தா என்ற சந்தேகம் இருந்தால் அது உதவும்.

பூட்டுகிற விரலுக்கான ஒப்பரேசன் இன்னும் சின்னது. அந்த வளையத்தை அறுத்துவிட்டால் அங்கேயே விரலை மடக்கி நிமிர்த்திக் காட்டலாம். வெட்டாமல் ஊசி முனையாலேயே வளையத்தை அறுக்கிற முறையும் உண்டு, தையல் இல்லை. ஆனால் பெருவிரலில் உணர்வு நரம்பு அந்த வளையத்துக்கு மிகக் கிட்டப் போகிறது, அதனால் அந்த விரலுக்குத் திறந்து செய்வதையே பலர் விரும்புகிறார்கள். கோட் பிடிக்கிற விரல் நுனியில் உணர்வு போனால் கம்பி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. எனவே பெருவிரல், சுட்டுவிரல் என்றால் நானும் திறந்து செய்வதைத்தான் கேட்பேன்.

வெட்டிய பிறகு

முதல் நாளிலிருந்தே விரல்களை முழுதாக மடக்கி நிமிர்த்த வேண்டும். கட்டோடு கையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தால் விரல்கள் இறுகிவிடும், அந்த இறுக்கத்தை எடுப்பது விறைப்பை எடுப்பதைவிடக் கஷ்டம். தையல் 10 முதல் 14 நாளில். அதுவரை நனையக் கூடாது.

வீட்டில் பெரியவர்கள் இறால், நண்டு, கத்தரிக்காய் எல்லாம் கிரந்தி, காயத்தைக் கிளப்பும் என்று நிறுத்திவிட்டு, வெறும் சோறும் பருப்புத் தண்ணியும் தருவார்கள். காயம் ஆறப் புரதம் வேண்டும். ஒவ்வாமை இல்லாதவர் மீன், முட்டை தாராளமாகச் சாப்பிடலாம். அவர்களோடு சண்டை பிடிக்காமல், கிளினிக்குக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் டொக்டரின் வாயாலேயே சொல்ல வைத்தால் வீட்டில் அமைதி.

இரவு விறைப்பு பெரும்பாலும் சில நாட்களிலேயே போகும். எந்நேரமும் விறைத்துக்கொண்டிருந்த விரல் திரும்ப மாதங்கள் எடுக்கும். நரம்பு வளர்வது நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் அளவு. வற்றிய தசை முழுதாகத் திரும்பாமலும் போகலாம். தள்ளிப்போடாதீர்கள் என்று முன்னால் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

கிற்றாருக்குத் திரும்புவதில் எந்தக் கை என்பது முக்கியம். பிக் பிடிக்கிற கை என்றால், தையல் வெட்டிக் காயம் ஆறியதும் சில நிமிடங்கள் மெதுவாகத் தட்டிப் பார்க்கலாம். ஆனால் உள்ளங்கை அடியைப் பாலத்தில் ஊன்றிக் கம்பியை அடக்கி வாசிப்பது கடைசியில்தான் வரும். தழும்பின் இரண்டு பக்கமும் அமத்தினால் வருகிற ஆழமான நோ வாரக்கணக்கிலும், சிலருக்கு மூன்று மாதத்துக்கு மேலும் இருக்கும். அது பிழையான ஒப்பரேசனின் அடையாளம் இல்லை. கோட் பிடிக்கிற கை என்றால் மூன்று நாலு வாரத்தில் இரண்டு மூன்று விரல்களால் பிடிக்கிற திறந்த கோட்கள், ஆறு எட்டு வாரத்துக்குப் பிறகு பார் கோட், பிடியின் பலம் பழையபடி வர மூன்று மாதம் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்குக் கை மாறும், உங்கள் டொக்டர் சொல்வதே கடைசிச் சொல். திரும்பும்போது மெல்லிய கம்பி, இறக்கிய சுருதி, இரண்டாம் பிரெற்றில் கேப்போ. இதற்குள் விரல் நுனிகளின் தடித்த தோலும் உரிந்து போயிருக்கும், அதையும் புதிதாகக் கட்ட வேண்டும்.

காயம் மூடிய பிறகு தழும்பைத் தேங்காயெண்ணெயோ வேறு களிம்போ தொட்டு ஒரு நாளைக்குச் சில முறை மெதுவாக உருவலாம். நாள் போகப் போக நோ கூடுவது, காய்ச்சல், சீழ், கை வீங்கித் தோல் நிறம் மாறி வேர்ப்பது என்று எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாளைப் பார்த்திருக்காமல் அன்றைக்கே போக வேண்டும்.

இரண்டு கையிலும் வருத்தம் இருக்கிறவர்கள் எதை முதலில் செய்வது என்று குழம்புவார்கள். ஒன்று மற்றதைவிட மோசம் என்றால் மோசமானதை முதலில். இரண்டும் ஒரே அளவு என்றால் கோட் பிடிக்கிற கையை முதலில் செய்யச் சொல்வேன். ஆற அதிக நாள் எடுப்பது அதுதான். அது ஆறுகிற வாரங்களில் கிற்றாரைத் திறந்த கோட் ஒன்றுக்குச் சுருதி சேர்த்து மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் தாளத்தை அளவாகப் பழகலாம். இரண்டாவது கைக்குத் திகதி எடுப்பதை முதல் கையால் ஒரு முழு எஃப் கோட் சுத்தமாகப் பிடிக்கிற வரைக்கும் வைத்திருக்கலாம், அதற்குள் இரண்டாவது கையின் பெருவிரல் மேடு தட்டையாகத் தொடங்காவிட்டால்.